கிளீனர் சீட்டில் நான்

அம்மா என்னை அந்த டிரிப்புக்கு அனுப்பியது உளவு பார்ப்பதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழைய கார், டீத் தோட்டம், அப்பா மகள் பாசம் என்று நீங்கள் வேறு ஒரு மூடில் உட்கார்ந்துவிடுவீர்கள், பாதியில் என்னைத் திட்டுவீர்கள். எப்படியும் திட்டத்தான் போகிறீர்கள், ஆரம்பத்திலிருந்தே திட்டலாம்.

விஷயம் அப்பாவின் கண். அவருக்கு இடது பக்கம் சரியாகத் தெரியவில்லை என்று அம்மாவுக்குச் சந்தேகம். இலையின் இடது மூலையில் வைத்த ஊறுகாய் அங்கேயே இருக்கும்போது, "ஊறுகா வெக்கலியா?" என்று கேட்பாராம். வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு நிலையைத் திட்டுவாராம். கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "பேப்பர் படிக்கறேன், ஊசில நூல் கோக்கறேன், எனக்கெதுக்கு டாக்டரு?" என்பார். அதுவும் பொய்யில்லை. நேராக இருப்பதெல்லாம் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பா கார் கழுவிக்கொண்டிருந்தபோது, அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அம்மிணி, வண்டி எப்படி ஓட்டறாங்கன்னு பாரு. பாத்துட்டு உள்ளத உள்ளபடி எனக்குச் சொல்லு. சாவிய வாங்கி வெக்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

"அம்மா, அவர்கிட்டருந்து சாவிய வாங்கறதும் கிட்னிய வாங்கறதும் ஒண்ணுதான்."

"அதுக்குத்தான் உன்னப் பாக்கச் சொல்றேன். நீ சொன்னா நம்புவாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் கெத்தாக எடுத்துக்கொண்டேன்.

வண்டி ஒரு பழைய பத்மினி கார். என்னைவிட மூத்தது. கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கைக்கு எட்டுவதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். முன்சீட் ஒரே நீள பெஞ்சு. குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் மேனேஜராக இருந்த ஒருவர் ரிட்டயர் ஆகும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்பா மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் சூப்பர்வைசர். அதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், கிழங்கு லாரியில் கிளீனராக மலை ஏறி இறங்கியவர். லாரியை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது, ஆனால் லாரி அவரை விடவில்லை. எங்கள் காரில் டிரைவருக்கு இடது பக்கம் உட்காருகிறவர்தான் கிளீனர். யாராக இருந்தாலும் சரி. ஒரு தடவை எங்கள் கல்லூரிப் புரொபசருக்கு லிஃப்ட் கொடுத்தபோது அவரையும் கிளீனராக்கினார்.

கிளீனருக்கு ஒரே வேலை. இடது பக்கம் பார்க்க வேண்டும். ஏதாவது இருந்தால் சொல்ல வேண்டும். "லெஃப்ட்ல ஆளு", "லெஃப்ட்ல மாடு", "லெஃப்ட்ல பள்ளம்". ஒன்றுமில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். சும்மா சும்மா "ஃப்ரீ, ஃப்ரீ" என்று கத்துகிற கிளீனரை அப்பாவுக்குப் பிடிக்காது. "காதுக்குள்ள கொசு மாதிரி" என்பார். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் இந்த வேலையைப் பார்க்கிறேன். செம கிளீனர் நான், சந்தேகம் வேண்டாம்.

வருஷா வருஷம் மே மாதத்தில் ஒரு ராத்திரி மலையில் தங்குவது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமான வழக்கம். கேம்பிங் என்று நான் இன்ஸ்டாவில் போடுவேன். அப்பா "மேல போயிட்டு வர்றது" என்பார். கூடாரமெல்லாம் கிடையாது. காரின் மேல் கேரியரிலிருந்து இரண்டு கம்புகளுக்கு ஒரு தார்ப்பாய், அதற்குக் கீழே ஒற்றை அடுப்பு. படுக்கை காருக்குள். முன்சீட் அவருக்கு, பின்சீட் எனக்கு. நான் வளர வளரப் பின்சீட் சின்னதாகிக்கொண்டே வந்தது. இடம் அரவேணுவைத் தாண்டி, மண்டிப் பழக்கத்தில் சிநேகமான ஒருவருடைய தேயிலைத் தோட்டம். காட்டுக்குள் தங்க விடமாட்டார்கள், தோட்டத்துக்குள் தங்க அவர் ஒருவர் சரி என்றால் போதும்.

இந்த வருஷம் கோர்ஸ் முடிந்து, வேலைக்கு ஆர்டர் வந்து, பெங்களூர் கிளம்பும் முன் இருந்த இடைவெளியில் போனோம். சீசனில் ஒருவழிப் பாதை என்பதால் ஏறுவது பர்லியார் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. கல்லாறு செக்போஸ்டில் என் போனில் ஈ-பாஸ் காட்டினேன். போலீஸ்காரர் பாஸைப் பார்க்காமல் காரைப் பார்த்தார்.

"ஏறுமுங்களா இது?"

"இது ஏறுமுங்க. நம்மதான் எறங்கித் தள்ளோணும்" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போலீஸ்காரர் நின்றது இடது பக்கத்தில். அப்பா தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்துத்தான் பேசினார். அதை நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன். உளவாளி வேலை தொடங்கிவிட்டது.

வளைவுகளில் அவர் ஓட்டியதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது. எந்த வளைவில் எந்த கியர் என்று கை தானாகப் போனது. முன்னால் ஏறுகிற லாரியின் சத்தத்தை வைத்தே லோடா காலியா என்று சொன்னார். நான் என் பங்குக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். "லெஃப்ட்ல குரங்கு." "லெஃப்ட்ல பழக்கடை, ஆளு நிக்குது." ஒவ்வொன்றுக்கும் ஸ்டீயரிங் ஒரு விரல் அளவு நகர்ந்தது. பர்லியாரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மங்குஸ்தான் தின்றோம். "என்ன அம்மிணி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றார். தூக்கம் என்றேன்.

குன்னூர் தாண்டியதும்தான் எனக்கு உறைத்தது. நான் சொல்லிக்கொண்டே வந்தால் அவருக்குத் தெரிகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிட் கொடுத்துக்கொண்டே பரீட்சை வைப்பது மாதிரி. அம்மாவுக்கு நான் எதைச் சொல்வது? இன்ஜினியரிங் படித்த மூளை உடனே ஒரு டெஸ்ட் டிசைன் செய்தது. ஒரு தடவை சொல்லாமல் இரு. பார்க்கலாம்.

அரவேணுவுக்கு அப்பால் தோட்டத்து ரோடு. ஒரு கார் அகலம்தான், இரண்டு பக்கமும் தேயிலை. இலை பறிக்கிற பெண்கள் ஃபேக்டரி வண்டிக்காக ரோட்டோரம் காத்திருப்பார்கள். அன்றைக்கும் ஒரு திருப்பத்துக்கு அப்பால் இரண்டு பேர், இலை நிரப்பிய சாக்குகளோடு. இடது பக்கம். ஒருத்தி நின்றாள், இன்னொருத்தி சாக்கில் சாய்ந்து, காலை ரோட்டுப் பக்கம் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வாய் வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டேன்.

வண்டி மெதுவாகத்தான் போனது. கொஞ்சம் விலகுவார் என்று பார்த்தேன். இப்போது விலகுவார். இப்போது. ஸ்டீயரிங் அசையவில்லை. நான் "அப்பா" என்று கத்துவதற்கும் அந்தப் பெண் காலை இழுத்துக்கொண்டு பின்னால் உருள்வதற்கும் சரியாக இருந்தது. சக்கரம் சாக்கின் மேல் ஏறி நின்றது. பச்சை இலை ரோடெல்லாம் சிதறியது.

"ஏனுங்க! கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" உருண்ட பெண் எழுந்து வந்துவிட்டாள். "இத்தனூண்டு தள்ளி உக்காந்திருந்தா நானும் எலையோட எலையா ஃபேக்டரிக்குப் போயிருப்பேன்!"

"நீ போயிருந்தா டஸ்ட்டுத் தூளு கூடத் தேறாது, சும்மா இரு" என்றாள் மற்றவள். பயத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காரப் பாரு, எங்கப்பன் காலத்துக் காரு. ஓட்டறவரும் அந்தக் காலந்தான்."

அப்பா இறங்கினார். "தப்புங்க. எந்தப்புதானுங்க. அடி கிடி படலீங்களே?"

"அடி படலை. உசுருதான் பாதி போச்சு."

அவர் அப்படியே ரோட்டில் முட்டி போட்டு, இலையை அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தார். வேட்டியெல்லாம் மண். நானும் அள்ளினேன். நசுங்கிய இலை வாசம் கையோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணே மனசு இளகி, "விடுங்க, எந்திரிங்க, போதும். வயசானவரு இப்படிக் குனிஞ்சா எங்களுக்குப் பாவம்" என்று அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகு அப்பா சாவியைத் திருகவில்லை.

"நீ ஒண்ணுஞ் சொல்லலியே அம்மிணி?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். ஏதோ கணக்கு இடிக்கிறது என்பது மாதிரிக் கேட்டார்.

"நீ சொல்லலைன்னா ஒண்ணுமில்லைன்னுதான நான் போவேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சும்மா இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் காரில் சும்மா இருப்பது என்று ஒன்று கிடையாது. வாயை மூடியிருந்தால், ரோடு காலி, போகலாம் என்று நான் அவருக்குச் சொல்கிறேன் என்று அர்த்தம். ஒரு பொம்பளையின் கால் மேல் வண்டியை ஏற்று என்று நானே சொல்லியிருக்கிறேன். டெஸ்ட்டாம், பெரிய டெஸ்ட்டு.

"போன் பாத்துட்டு இருந்துட்டேங்ப்பா."

"சரி உடு." என் முதுகில் தட்டினார். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கண்ணு அவிஞ்சு போச்சு."

தார்ப்பாய் கட்டும்போது அவர் எப்போதும் போலப் பேசிக்கொண்டுதான் இருந்தார். உப்புமா கிண்டும்போது, லாரிக் காலத்தில் ஒரு தடவை தூங்கிப்போய், பின்சக்கரம் ஓரத்தில் இறங்கி, டிரைவர் தன் கன்னத்தில் விட்ட அறையைப் பற்றிச் சொன்னார். "வண்டி ஓட்டுனது அவருதான். ஆனா தப்பு எந்தப்பு. கிளீனர் தூங்குனா டிரைவர் என்ன பண்ணுவாரு?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்காக உன்னை அறைய முடியுமா? நீ வேலைக்குப் போற புள்ள." என்னைச் சமாதானப்படுத்துகிறாராம். நான் உப்புமாவைத் தட்டிலேயே தள்ளிக்கொண்டிருந்தேன். நன்றாக இல்லையா என்று கேட்டு இன்னும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றினார்.

இருட்டுவதற்குள் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி அம்மாவுக்கு போன் செய்தேன். அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது.

"இடிச்சுட்டாரும்மா. ஒரு பொம்பளை மேல ஏத்தியிருப்பாரு, நல்ல வேளை இலைச் சாக்கோட போச்சு. எனக்கெல்லாம் தூரத்துலயே தெரிஞ்சுது. அவருக்குச் சுத்தமா தெரியலை."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் அசிங்கம்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்ல வேளை கண்ணு, நீ கூடப் போன" என்றாள்.

காலையில் அப்பா மேட்டுக்குப் போனார். எங்கே இருந்தாலும் காலையில் அம்மாவுக்கு ஒரு போன் செய்துவிடுவார், காப்பி குடிப்பது மாதிரி. நான் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"உங்கம்மா அழுவறா. சாவிய உங்கிட்டக் குடுக்கோணுமாம்."

நான் மடித்ததையே மறுபடி மடித்தேன்.

"அவகிட்ட எல்லாஞ் சொல்லியிருக்கற. அதுல ஒண்ணும் தப்பில்ல, சொல்லத்தான் வேணும்." நிறுத்தினார். "தூரத்துலயே தெரிஞ்சுதுன்னு சொன்னியாமா. எங்கிட்ட போன் பாத்துட்டிருந்தேன்னயே?"

மாட்டிக்கொண்டேன். கல்லூரியில் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வாயால் ஜெயித்து வெளியே வந்திருக்கிறேன். அன்றைக்குத் தார்ப்பாயைக் கீழே வைத்துவிட்டேன்.

"தெரிஞ்சும் சொல்லலியா?"

"உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேங்ப்பா."

அவர் என்னையே பார்த்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு எல்லாம் தெரியும்.

"அந்தப் பொம்பளைய வெச்சா பாத்த?"

அவ்வளவுதான் கேட்டார். தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. என்னை ஏன் ஏமாற்றினாய் என்று கேட்டிருந்தால் அழுது, கட்டிக்கொண்டு, ஸாரி சொல்லி முடித்திருப்பேன். அந்தப் பெண் காலை இழுத்தது என் கண்ணுக்குள் ஓடியது. ராத்திரி முழுக்க நான் அப்பாவுக்குச் செய்ததை நினைத்துத்தான் புரண்டிருந்தேன். அவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

சாவியைப் பானெட் மேல் வைத்துவிட்டு அவர் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கிளீனர் சீட்டில். நான் பார்த்த வரையில் முதல் தடவை.

மண்டி மைதானத்தில் அந்தக் கை கியரைப் பழகியிருக்கிறேன், மலை இறக்கியதில்லை. கோத்தகிரி ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை ஆஃப் ஆனது. அப்பா எதுவும் சொல்லவில்லை, "செகண்டு கியர்லயே போகட்டும்" என்பதைத் தவிர. ஆனால் கிளீனர் வேலையை விடவில்லை. "லெஃப்ட்ல ஆட்டோ" என்றார், ஆட்டோ இருந்தது. "லெஃப்ட் ரோட்டுலருந்து பஸ்ஸு வருது, நிறுத்து", பஸ் வந்தது. இவருக்குத் தெரிகிறது, நேற்று அவர் மோசம் போனது என்னால்தான், ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு வளைவு தாண்டி, ரோட்டின் இடது ஓரத்தில் ஒரு மாடு. அசையாமல், சத்தமில்லாமல், தலை மட்டும் ரோட்டுக்குள். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். இந்தத் தடவை டெஸ்ட் இல்லை, சத்தியமாக இல்லை. பிரேக் மேல் கால் வைத்துக்கொண்டே வந்தேன். அவர் முன்னால் பார்த்தபடி நிதானமாக உட்கார்ந்திருந்தார். நான் பிரேக் அடிக்க, வண்டி குலுங்கி ஆஃப் ஆனது.

"என்னாச்சு?"

"மாடுங்ப்பா."

தலையை முழுசாகத் திருப்பினார். மாடு ஜன்னலை ஒட்டி நின்று அவரைப் பார்த்தது. ஆட்டோவும் பஸ்ஸும் சத்தம் போட்டு வந்தவை என்று எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவருக்கும் தட்டியிருக்க வேண்டும்.

"எங்கிருந்து தெரிஞ்சுது உனக்கு?"

"வளைவு திரும்புனதுமே."

மாடு போகும் வரை இருந்தோம். வண்டி மறுபடி கிளம்பிய பிறகு அவர் எதையும் சொல்லவில்லை, பள்ளத்தைச் சொல்லவில்லை, ஆளைச் சொல்லவில்லை. அடிவாரம் வரைக்கும் நானே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு இறக்கினேன். மேட்டுப்பாளையம் வந்ததும், "ஆஸ்பத்திரிக்கு எப்பப் போறது, உங்கம்மாகிட்ட கேளு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், தோட்டத்து ரோட்டில் நடந்ததை அவரே அம்மாவுக்குச் சொன்னார். வேகமாக வந்துவிட்டேன், சாக்கைக் கவனிக்கவில்லை, அம்மிணி கத்தியதால் நிறுத்தினேன் என்று. நான் வாயை மூடியிருந்த பகுதி அதில் இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா எனக்கு மட்டும் முறுகலாக இன்னொரு தோசை ஊற்றினாள். தின்றேன்.

கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரி. பக்கப் பார்வைக்கு என்று ஒரு டெஸ்ட் வைத்தார்கள், நிஜமான டெஸ்ட். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்க வேண்டும். உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும், தெரியும்போதெல்லாம் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். கதவோரம் நான் நிற்கலாம் என்றார்கள், பேசக் கூடாது என்றார்கள்.

டிக். டிக். அப்பா ஒழுங்காக அமுக்கினார். அப்புறம் சத்தம் நின்றது. மெஷின் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஏதோ குறித்தாள். அவருடைய கட்டைவிரல் பட்டன் மேலேயே தயாராக இருந்தது. அமுக்கவில்லை. உள்ளே இடது பக்கம் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்து போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். லெஃப்ட்ல இருக்குதுங்ப்பா, லெஃப்ட்ல. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரத்துப் பார்வையைத் தின்றுவிட்டது, இடது பக்கம் ரொம்ப என்று டாக்டர் சொன்னார். போனது வராது. சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். இனி வண்டி ஓட்டக் கூடாது. அம்மா சொன்னது சரியாகிவிட்டது, நான் செய்தது மட்டும் அதனால் சரியாகவில்லை.

வராந்தாவில் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நெறைய உட்டுட்டனா?"

"ஆமாங்ப்பா. நெறைய."

"பக்கத்துலதான நின்ன" என்றார். "சொல்லியிருக்கலாமில்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், சிரிக்கலாமா என்று தெரியாமல்.